வாயும் சத்தமும் சேர்ந்து வர: பழைய வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றும் வழி

பாம்பனில் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர், 1996-ல் நடந்த மகள் கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பந்தியெல்லாம் முடிந்த பிறகு, அவர் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து, தொடையில் தட்டிக்கொண்டு, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு ஒன்றை நாலு நிமிடம் பாடுகிறார். அவர் இறந்து வெகு வருடம் ஆகிவிட்டது. அவருடைய குரல் பதிவாகி இருக்கும் ஒரே இடம் அந்தக் கேசட்தான்.

கணினியில் ஏற்றி, பென் டிரைவில் போட்டு, அவர் வீட்டு டிவியிலேயே ஓட்டினேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குரல் அவுக குரல்தான் தம்பி. ஆனா வாய் வேற ஆளு வாய் மாதிரி இருக்கே."

பாட்டு வருவது கேசட்டின் 1 மணி 52-ஆவது நிமிடத்தில். நான் சரிபார்த்தது முதல் ஐந்து நிமிடத்தை மட்டும். அங்கே எல்லாம் கச்சிதமாக இருந்தது. பாட்டு வருகிற இடத்தில் சத்தம் அரை நொடிக்கு மேல் பிந்திப்போயிருந்தது. கை தொடையில் விழுந்து, எழும்பி, அப்புறம்தான் தட்டும் சத்தம் வருகிறது. அந்த வேலையைத் திரும்ப முதலிலிருந்து செய்தேன். அதில் கற்றுக்கொண்டதையும், அதற்குப் பின் கீழக்கரை, தொண்டி, தங்கச்சிமடம் என்று பல ஊர்க் கேசட்டுகளை ஏற்றியதில் தெரிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெக்கை, அதாவது வீடியோ கேசட் ஓட்டுகிற பெட்டியை, நேராகப் பழைய டிவியில் மாட்டிப் பாருங்கள். எவ்வளவு பழுதான கேசட்டாக இருந்தாலும் வாயும் சத்தமும் சேர்ந்தேதான் வரும். கேசட்டில் இந்தக் கோளாறு இல்லை. ஏற்றும்போது நாம்தான் உண்டாக்குகிறோம். அதனால் ஏற்றும்போதே தடுப்பதுதான் வேலை. ஏற்றிய பிறகு இழுத்துப் பொருத்துவது இரண்டாம் பட்சம்.

சேர்ந்து இருப்பது எப்படிப் பிரிகிறது

நம் ஊர் டெக்குகள் பேல் (PAL) என்கிற வீடியோ முறை. நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்), அதாவது ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிசெகண்ட். டெக்குக்குள் சாய்வாக நிற்கிற உருளை, டிரம் என்போம், நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 25 சுற்று, சுற்றுக்கு ஒரு ஃபிரேம். படம் நாடாவில் சாய்கோடுகளாக இருக்கும். சாதாரணச் சத்தம் நாடாவின் மேல் ஓரத்தில் நீளவாட்டில் ஒரு தனிக் கோடு. கீழ் ஓரத்தில் கண்ட்ரோல் டிராக் என்று இன்னொரு கோடு. எந்த வேகத்தில் நாடாவை இழுப்பது என்று டெக்குக்குச் சொல்வது அதுதான். படமும் சத்தமும் ஒரே நாடாவில் இருப்பதால், நாடா கொஞ்சம் தயங்கினாலும் இரண்டும் சேர்ந்தே தயங்கும்.

கணினிக்குள் போனதும் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. அங்கே படத்துக்கு ஒரு கணக்கு, சத்தத்துக்கு ஒரு கணக்கு. சத்தம் நொடிக்கு 48,000 சாம்பிள் (சத்தத்தை அளந்து எடுக்கிற சின்னத் துணுக்கு) என்று சவுண்ட் கார்டின் கடிகாரப்படி இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். படம் டெக் அனுப்புகிற வேகத்தில் வரும். நாடாவில் ஓரிடம் கெட்டுப்போய், டெக்கிலிருந்து வருவதைக் கணினிக்குள் ஏற்றுகிற கேப்சர் கருவி எட்டு ஃபிரேமை அடையாளம் காண முடியாமல் விட்டுவிட்டது என்று வையுங்கள். அந்த நேரத்திலும் சத்தம் நிற்கவில்லை. கோப்பில் படம் 320 மில்லிசெகண்ட் குறைந்துவிட்டது, சத்தம் குறையவில்லை. அங்கிருந்து கடைசி வரை சத்தம் 320 மில்லிசெகண்ட் பிந்தித்தான் வரும். இன்னொரு இடத்தில் பன்னிரண்டு ஃபிரேம் போனால் மொத்தம் 800 ஆகிவிடும். ஒருமுறை தவறியது தானாகத் திரும்பி வராது.

எந்த வகைப் பிசகு என்று கண்டுபிடிக்காமல் கை வைக்காதீர்கள். கேசட்டின் தொடக்கம், 15, 30, 45, 60-ஆவது நிமிடங்களில் எவ்வளவு விலகல் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு, உதாரணமாக 120 மில்லிசெகண்ட் என்றால் அது நிலையான பிசகு. பாதையில் ஏதோ ஒரு பெட்டி படத்தையோ சத்தத்தையோ தாமதிக்கிறது, அவ்வளவுதான். 0, 120, 240, 360, 480 என்று சீராக ஏறினால் இரண்டு கடிகாரம் ஒத்துப்போகவில்லை. 0, 0, 320, 320, 800 என்று படிப்படியாகத் தாவினால் ஃபிரேம் தொலைந்திருக்கிறது. நம் கடற்கரைக் கேசட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த மூன்றாவதைத்தான். பெரியம்மாவின் கேசட்டும் அதே வகை.

உப்புக்காற்றும் பூஞ்சையும்

வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கம் இருக்கிற ஊரில் கேசட் பீரோவுக்குள் இருந்தாலும் ஈரம் குடிக்கும். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக, மாவு தூவினாற்போல் தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே டெக்கில் போட்டால் டெக்கும் கெடும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டும் கெடும். பூஞ்சை முதலில் பிடிப்பது ஓரத்தை என்பதைக் கவனியுங்கள். ஓரத்தில்தானே சத்தக் கோடும் கண்ட்ரோல் டிராக்கும் இருக்கின்றன. கண்ட்ரோல் டிராக் அரித்துப்போன இடத்தில் டெக் வேகம் தடுமாறும், படம் உருளும், ஃபிரேம் தொலையும்.

அந்தக் கேசட்டை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வையுங்கள். வெயிலில் காயப்போடவே கூடாது, நாடா நெளிந்துவிடும். அப்புறம் முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, பஞ்சு பிரியாத மெல்லிய துணியால் நாடாவின் இரண்டு ஓரத்தையும் தொட்டும் தொடாமலும் பிடித்து, மெதுவாகச் சுற்றித் துடைக்க வேண்டும். இந்த வேலைக்கென்றே ஒரு பழைய டெக்கை மூடி கழற்றி வைத்திருக்கிறேன். வாடைக் காலத்தில், மழை கொட்டுகிற நாளில் நான் கேசட் ஏற்றுவதில்லை. டெக்குக்குள் ஈரம் கோத்துக்கொண்டால் நாடா டிரம்மில் ஒட்டிக்கொள்ளும்.

டெக்கின் ஹெட்டை, அதாவது டிரம்மில் நாடாவைப் படிக்கிற சின்ன முனையை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத்தாளால் துடையுங்கள். தாளை அசைக்காமல் டிரம்மில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காது குடைகிற பஞ்சுக் குச்சி வேண்டாம், நூல் சிக்கும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களின் முனையையும் அதே ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்றில் அவை பச்சை பூத்துப்போய், படம் விட்டுவிட்டு வரும்.

சிறிய விஷயமாகத் தெரிகிற இன்னொரு வேலை: ஏற்றுவதற்கு முன் கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓடவிட்டு, திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்காக ஒரே நிலையில் இறுகிப்போன நாடா தளர்ந்து, சீராகப் போகும்.

பாதை: டெக்கிலிருந்து கணினி வரை

டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவே ஒரு பெட்டி வைப்பதுதான் நான் சொல்லும் மிக முக்கியமான வேலை. அசல் கருவி டைம் பேஸ் கரெக்டர். கோணல்மாணலாக வருகிற படத்தை வாங்கி நினைவகத்தில் வைத்து, சரியான தாளத்தில் வெளியே அனுப்பும். நாடாவில் படமே இல்லாத இடத்திலும் பழைய ஃபிரேமையோ வெற்று ஃபிரேமையோ அனுப்பிக்கொண்டே இருக்கும். கேப்சர் கருவிக்கு நொடிக்கு 25 வருவது நிற்காது. நின்றால்தானே தொலையும்.

அது விலை கூடிய சாமான். அதற்குப் பதிலாகப் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பிளேயர் போதாது, ரெக்கார்டர் வேண்டும். பேனசோனிக் டிஎம்ஆர் இஎஸ் 10 மாடலை இந்த வேலைக்காகவே உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். உள்ளே டிஸ்க் போட வேண்டாம், பதிவு செய்யவும் வேண்டாம். டெக்கை அதன் ஏவி இன்னில் மாட்டி, அந்த இன்புட்டைத் தேர்ந்தெடுத்து, ஏவி அவுட்டிலிருந்து கேப்சர் கருவிக்கு எடுத்தால் போதும். எல்லா மாடலும் ஒரே மாதிரி உதவாது. ஆனால் பெரும்பாலும் ஆடுகிற படத்தை நிமிர்த்தி, ஃபிரேம் தொலைவதை வெகுவாகக் குறைத்துவிடும். நான் வைத்திருப்பது பரமக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. டிஸ்க் டிரே திறக்காது, எனக்கு அது தேவையும் இல்லை.

இங்கே ஒரு தவறு செய்துவிடாதீர்கள். படத்தை மட்டும் அந்தப் பெட்டி வழியாகவும், சத்தத்தை டெக்கிலிருந்து நேராகவும் எடுத்தால், படம் உள்ளே தங்கி வருகிற நேரத்துக்குச் சத்தம் முந்திக்கொள்ளும். மூன்று வயரும் ஒரே வழியில் போகட்டும்.

கணினிப் பக்கத்திலும் அதே விதிதான். சத்தத்தை லேப்டாப்பின் மைக் துளையில் செருகாதீர்கள். கேப்சர் கருவியிலேயே சிவப்பு, வெள்ளை துளைகள் இருக்கும், அதில் கொடுங்கள். படமும் சத்தமும் ஒரே கருவியின் கடிகாரத்தில் வந்தால் சீராக வளரும் பிசகு பெரும்பாலும் எழவே எழாது. இரண்டு கடிகாரத்துக்கு நடுவே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட். மூன்று மணி நேரக் கேசட்டின் கடைசியில் அரை நொடிக்கு மேல். அவ்வளவு சின்ன வித்தியாசம், இவ்வளவு பெரிய விலகல்.

கையில் டிஜிட்டல் 8 கேமரா இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். 1999-ல் சோனி கொண்டுவந்த வகை அது. பல மாடல்கள் ஹை 8 என்கிற சிறிய கேமரா கேசட்டை ஓட்டி, ஃபயர்வயர் என்கிற பழைய கணினி இணைப்பு வழியாக டிஜிட்டல் வீடியோவாக (DV) அனுப்பும். டெக்கை அதில் மாட்டி ஏற்றுகிற வசதியும் சிலவற்றில் உண்டு. படமும் சத்தமும் கேமராவுக்குள்ளேயே ஒரே ஓட்டமாகக் கட்டப்பட்டு வருவதால் பிசகுக்கு இடம் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடிக்கும். கணினியில் ஃபயர்வயர் துளை இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது சிரமம்.

ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குகிற சின்னப் பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். படத்தைப் பெரிதாக்கி, பலவற்றில் நொடிக்கு 60 என்று மாற்றி அனுப்பும். 25-க்கும் 60-க்கும் சரியாக வகுபடாது. திரும்புகிற தலை, நடக்கிற கால் எல்லாம் உதறும்.

கணினியில் வைக்க வேண்டியது

நான் பயன்படுத்துவது விர்ச்சுவல் டப். பழைய மென்பொருள், இலவசம், ஆனால் எத்தனை ஃபிரேம் வந்தது, எத்தனை போனது என்று ஒளிக்காமல் சொல்லும். கேப்சர் பகுதியில் அளவு 720-க்கு 576, வேகம் 25. பழக்கத்தில் 29.97 என்று விட்டுவிடாதீர்கள். சத்தம் 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட். விண்டோஸின் சவுண்ட் அமைப்பிலும் அந்தக் கருவிக்கு 48,000 என்றே இருக்க வேண்டும். 44,100-ல் பதிந்ததை 48,000 என்று ஓட்டினால் ஒரு மணி நேரச் சத்தம் 55 நிமிடம் 8 நொடியில் முடிந்துவிடும், குரலும் கீச்சென்று மாறிவிடும்.

சேமிப்பது ஹஃப்ஒய்யூவி அல்லது லகாரித் கோடெக்கில் (படத்தைச் சுருக்கி எழுதுகிற முறை), ஏவிஐ கோப்பாக. எதுவும் சுருக்காமல் எடுத்தால் நொடிக்கு சுமார் 20.7 எம்பி, மணிக்கு 75 ஜிபி ஆகும். இந்தக் கோடெக்குகள் தரம் இழக்காமல் அதை ஏறக்குறைய பாதியாக்கும். நேராக எம்பி4-ஆக எடுத்தால் இடம் மிச்சம்தான், ஆனால் சுமாரான லேப்டாப் அந்த வேலையில் மூச்சுத் திணறி ஃபிரேமை விடும். பெரிய கோப்பாக எடுத்து, சரிபார்த்து, அப்புறம் சுருக்குங்கள்.

டைமிங் பகுதிக்குள் போங்கள். ஃபிரேம்கள் நெருங்கி வந்தால் விடு, இடைவெளி விழுந்தால் வெற்று ஃபிரேம் நிரப்பு என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டையும் போடுங்கள். நிரப்புகிற இடத்தில் படம் ஒரு கணம் நிற்கும், ஆனால் கணக்குத் தப்பாது. அதன் கீழே சத்தத்தையும் படத்தையும் இணைப்பது பற்றி ஒரு தேர்வு. சத்தம் அதே கருவியில் வந்தால் முதலில் "இணைக்க வேண்டாம்" என்பதை வைத்து அரை மணி நேரம் சோதித்துப் பாருங்கள். சீராக விலகினால், படத்துக்கு ஏற்பச் சத்தத்தை ரீசாம்பிள் செய்கிற, அதாவது கொஞ்சம் நீட்டியோ குறுக்கியோ பொருத்துகிற தேர்வுக்கு மாறுங்கள்.

ஏற்றுகிற நேரத்தில் கணினிக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. ஆன்டிவைரஸ் சோதனை, விண்டோஸ் அப்டேட், வைஃபை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கேப்சர் கருவியும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் தொங்க வேண்டாம். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். டெக், ரெக்கார்டர், கணினி மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். கரண்ட் ஒரு கணம் மினுங்கினால் லேப்டாப் பேட்டரியில் தப்பிக்கும். டெக் நின்றுவிடும், ஏற்றியது பாதியில் போகும்.

எண்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள்

கேசட்டை ஓடவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். திரையின் ஓரத்தில் விடுபட்டது இத்தனை, நிரப்பியது இத்தனை என்று எண் ஓடும். அதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். பதின்மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக ஏறினால் பயமில்லை. நான் மேலே சொன்ன 50 பங்கு வித்தியாசம் 800 நொடிக்கு ஒரு ஃபிரேம் ஆகிறது, மென்பொருள் அதைத் தன் வழியில் சரிக்கட்டிக்கொண்டு போகிறது. திடீரென்று பத்து, இருபது என்று கொத்தாக எகிறினால், நேரத்தையும் எண்ணையும் எழுதுங்கள். அதே கேசட்டை இரண்டாம் முறை ஏற்றும்போது அதே இடத்தில் எகிறினால் நாடாவில் பழுது. வேறு இடத்தில் எகிறினால் கணினியில் கோளாறு. இந்த ஒரு சோதனை எனக்குப் பல நாள் தேடலை மிச்சப்படுத்தியிருக்கிறது.

நாடாவில் படமே பதியாமல் வெறும் புள்ளியாக இரைகிற இடங்கள்தான் ஆபத்து. இலங்கையின் ரூபவாஹினி 1982-ல் ஒளிபரப்பைத் தொடங்கியதிலிருந்து, எங்கள் கரையில் ஆண்டெனாவை உயரமாகக் கட்டிய வீடுகளில் அது கிடைக்கும். பிடித்த நிகழ்ச்சியை டெக்கில் பதிந்து வைத்தவர்கள் உண்டு. கடல் தாண்டி வருகிற படம், காற்றைப் பொறுத்து வரும், போகும். போன நேரமும் நாடாவில் அப்படியே பதிவாகி இருக்கும். அப்படிப்பட்ட கேசட்டை ஒரே மூச்சில் ஏற்ற முயலாதீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனிக் கோப்பாக எடுங்கள். துண்டு சிறியதாக இருந்தால் பிசகும் அதற்குள்ளேயே அடங்கும்.

எதைப் பார்த்துச் சரிபார்ப்பது

பேசுகிற வாயைப் பார்த்து மட்டும் அளக்க முடியாது. பட்டென்று தொடங்குகிற சத்தம் வேண்டும், அதை உண்டாக்குகிற அசைவு படத்தில் தெரிய வேண்டும். கல்யாணக் கேசட்டில் தவில் அடிக்கிற குச்சி, தேங்காய் உடைக்கிற கை, அம்மி மேல் வைக்கிற பாத்திரம். நிக்காஹ் கேசட்டில் புத்தகத்தை மூடி மேசையில் வைப்பது, தஃப் அடிப்பது. கோயில் திருவிழாவில் மணி. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, கை படுகிற ஃபிரேமையும் சத்த அலை எழும்புகிற இடத்தையும் பாருங்கள். எத்தனை ஃபிரேம் தள்ளி இருக்கிறதோ அதை 40-ஆல் பெருக்குங்கள்.

தூரத்தில் இருப்பதை வைத்து அளக்காதீர்கள். கடற்கரையில் எடுத்த கேசட்டுகளில் இது முக்கியம். சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி வெடித்த வேட்டுச் சத்தம் கேமராவின் மைக்குக்கு வரவே 100 மில்லிசெகண்ட் ஆகும். பாய்மரப் படகுப் போட்டியைக் கரையிலிருந்து எடுத்த கேசட்டில், படகில் கொடி அசைத்துக் கத்துபவரின் வாயும் குரலும் சேராது. அங்கே சேராமல் இருப்பதுதான் உண்மை. அதைச் சரி செய்கிறேன் என்று இழுத்தால் அடுத்த காட்சியில் பக்கத்தில் நிற்பவர் கெட்டுவிடுவார்.

மனிதக் காதும் இதற்குப் பழகியதுதான். சத்தம் பிந்துவதை நாம் ஓரளவு பொறுப்போம், முந்துவதைப் பொறுக்க மாட்டோம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் தந்த பரிந்துரை சொல்கிற அளவு இது: சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுவார்கள், பிந்துவது 125 வரை போனால்தான் தெரியும். அதனால் ஒரு ஃபிரேம் சந்தேகமாக இருந்தால் பிந்துகிற பக்கமே விடுங்கள்.

பெரியம்மா கேசட்டில் எனக்கு அளவுகோல் கிடைத்தது அந்தத் தொடைத் தட்டில்தான். நாலு நிமிடத்தில் எத்தனையோ தட்டு. உள்ளங்கை தொடையில் படுகிற ஃபிரேமில் வேட்டி மடிப்பு ஒரு நடுக்கம் காட்டும், அதுதான் புள்ளி. ரெக்கார்டரை நடுவில் வைத்து இரண்டாம் முறை ஏற்றியபோது, பூஞ்சை பிடித்த மூன்று இடங்களிலும் எண் எகிறவில்லை. பாட்டு வருகிற இடத்தில் ஒரு ஃபிரேம்கூடத் தள்ளவில்லை. பெரியம்மா வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இப்பத்தான் கை தாளத்துல விழுது" என்றார்.

திரும்ப ஏற்ற முடியாதபோது

கேசட் தொலைந்திருக்கும், அல்லது நாடா அறுந்திருக்கும், கையில் பிசகிய கோப்பு மட்டும் இருக்கும். அப்போதுதான் இழுத்துப் பொருத்த வேண்டும்.

நிலையான பிசகு எளிது. விர்ச்சுவல் டப்பில் ஆடியோ மெனுவில் இன்டர்லீவிங் என்று இருக்கும். அங்கே எத்தனை மில்லிசெகண்ட் தள்ள வேண்டுமோ அதைக் கொடுங்கள். சத்தத்தைப் பிந்த வைக்க நேர் எண், முந்த வைக்க மைனஸ். ஓபிஎஸ் என்ற இன்னொரு பதிவு மென்பொருளில் ஏற்றுபவர்கள் ஆடியோவின் மேம்பட்ட அமைப்பில் சிங்க் ஆஃப்செட் என்ற கட்டத்தில் இதையே முன்கூட்டிக் கொடுத்துவிடலாம்.

சீராக வளர்ந்த பிசகுக்கு, படத்தின் நீளத்தையும் சத்தத்தின் நீளத்தையும் சமமாக்க வேண்டும். வீடியோ மெனுவில் ஃபிரேம் ரேட் பகுதியில், இரண்டின் காலமும் பொருந்தும்படி மாற்று என்ற தேர்வு அதற்குத்தான். ஆனால் படத்தின் வேகம் 25-லிருந்து 24.997 என்று உடைந்த எண்ணாகிவிடும். சில டிவிகள் அதை விரும்புவதில்லை. நான் படத்தைத் தொடாமல் சத்தத்தை அடாசிட்டி என்ற சத்தத் திருத்த மென்பொருளில் எடுத்து, சேஞ்ச் ஸ்பீடில் நீளத்தை மாற்றுவேன். ஒரு மணி நேரத்துக்கு 480 மில்லிசெகண்ட் என்பது 0.013 சதவீதம்தான். குரலில் எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரியாது.

தாவும் பிசகை இப்படி நீட்டிச் சரிசெய்யவே கூடாது. நீட்டினால் நல்ல இடமும் கெடும். தாவிய இடங்களைத் தேடி, அந்த இடத்தில் கோப்பை வெட்டி, அடுத்த துண்டின் சத்தத்தை மட்டும் முன்னே நகர்த்த வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு எனக்கு ஒரு முழு நாள் போயிருக்கிறது. வெட்டுகிற இடம் இரண்டு வாக்கியத்துக்கு நடுவிலோ, காட்சி மாறுகிற இடத்திலோ இருக்கட்டும்.

பிசகு போலத் தெரிந்து, பிசகு இல்லாதவை

வாடகைக் கடைகளில் நாடா சிக்கினால் வெட்டி ஒட்டிவிடுவார்கள். டிரம்முக்கும் சத்தம் படிக்கிற ஹெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் நாடா தூரம் இருக்கிறது. நாடா நொடிக்கு 23.39 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. ஆக, ஒரே கணத்தின் படமும் சத்தமும் நாடாவில் மூன்று நொடிக்கு மேல் தள்ளித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒட்டுப் போட்ட இடத்தில் படம் முதலில் மாறும், பழைய சத்தம் இன்னும் மூன்று நொடி ஓடி, அப்புறம்தான் மாறும். அது தானே சரியாகிவிடும், கை வைக்காதீர்கள். ஆனால் ஒட்டியது செலோ டேப்பாக இருந்தால் அதை ஓட்டாதீர்கள். பசை ஹெட்டில் இறங்கிவிடும். அதற்கென்று உள்ள ஒட்டு டேப்பால் மாற்றி ஒட்டிய பிறகு ஏற்றுங்கள்.

பெரும்பாலான கல்யாணக் கேசட்டுகளில் ஸ்டுடியோக்காரர்கள் மேலே பாட்டுப் போட்டிருப்பார்கள். அந்தப் பகுதியில் வாய்க்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இருந்தாலும் ஒரு முயற்சி செய்து பாருங்கள். ஹை ஃபை டெக்கில் பதிந்த அசல் கேசட்டாக இருந்து, பாட்டைப் பின்னால் ஆடியோ டப் (படத்தைத் தொடாமல் சத்தம் மட்டும் பதிவது) செய்திருந்தால், பாட்டு ஓரத்துக் கோட்டில் மட்டும்தான் ஏறியிருக்கும். சுழலும் ஹெட் எழுதிய ஹை ஃபை சத்தம் படத்தோடு சேர்ந்தே இருப்பதால் அதை அழிக்க முடியாது. டெக்கில் ஆடியோ தேர்வை ஹை ஃபை என்று மாற்றினால், பாட்டுக்கு அடியில் புதைந்திருந்த அன்றைய பேச்சுச் சத்தம் அப்படியே வரும். தங்கச்சிமடத்துக் கேசட் ஒன்றில் இப்படி மாப்பிள்ளையின் தாத்தா ஆசீர்வாதம் சொல்லும் குரல் கிடைத்தது. அந்த வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மிக்ஸ் என்ற நிலையில் மட்டும் விடாதீர்கள், இரண்டும் கலந்து குழம்பிவிடும்.

வளைகுடாவிலிருந்து வந்த கேசட்டுகளில் சவூதியில் பதிந்தவை சில, சீகேம் (SECAM) என்கிற வேறு வண்ண முறையில் இருக்கும். நம் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அதுவும் நொடிக்கு 25 ஃபிரேம்தான், அதனால் சத்தம் பிசகாது. அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் அப்படியில்லை. அது 29.97. அதற்கு என்டிஎஸ்சி (NTSC) என்கிற அந்த ஊர் முறையை ஓட்டுகிற டெக்கும், கேப்சரில் 720-க்கு 480 என்ற அளவும் 29.97 என்ற வேகமும் வேண்டும்.

கொடுக்கும்போது வாடிக்கையாளரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்), சத்தம் பிந்துகிறது என்று கோப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். என் கணினியில் சரியாக இருந்தது. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் டிவியின் சத்தம் புளூடூத் ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்தது. புளூடூத் தன் பங்குக்கு நூறு, இருநூறு மில்லிசெகண்ட் தாமதிக்கும். ஸ்பீக்கரை வயரில் மாட்டிக் காட்டினேன், வாயும் சத்தமும் சேர்ந்துவிட்டன. அன்றிலிருந்து நானும் சரிபார்ப்பது வயர் உள்ள ஹெட்ஃபோனில்தான். பென் டிரைவோடு ஒரு துண்டுச் சீட்டில், எந்த நிமிடத்தில் எந்தச் சத்தத்தை வைத்துச் சரிபார்த்தேன் என்று எழுதியும் கொடுக்கிறேன். கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, பெட்டியில் நிறுத்திவைத்தபடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு திருப்பிக் கொடுங்கள். கணினியில் ஏறிவிட்டதே என்று அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.